தேடல் முடிவுக்கான தலைப்பும் விவரிப்பும்: 143 பக்கங்களைத் திருத்திய பதிவு

சைக்கிள் பராமரிப்பைப் பற்றி நான் எழுதிச் சேர்த்திருக்கும் இணையதளத்தில் 143 பக்கங்கள் இருக்கின்றன. பிரேக் கம்பியை இறுக்குவது, டியூபில் ஓட்டையைக் கண்டுபிடிப்பது, சக்கரத்தின் கோணலை எடுப்பது என்று பெரும்பாலான பக்கங்கள் ஆளுக்கொரு வேலையைச் சொல்லும். அவற்றில் ஒன்றின் முகவரி நினைவுக்கு வராமல் கூகுளில் நானே தேடியபோதுதான் இந்தப் பழுது கண்ணில் பட்டது. என் தளத்தின் மூன்று பக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்திருந்தன. மூன்றின் தலைப்பும் “சைக்கிள் பராமரிப்பு | எளிய செய்முறைகள் | உங்கள்…” என்று தொடங்கி அங்கேயே வெட்டுப்பட்டு நின்றது. மூன்றின் கீழும் ஒரே விவரிப்பு இருந்தது. எது செயினைப் பற்றியது, எது பிரேக்கைப் பற்றியது என்று எழுதிய எனக்கே தெரியாததால் மூன்றையும் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. என்னைத் தவிர வேறு எவரும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

தேடல் முடிவில் ஒரு பக்கத்துக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. மேலே ஒரு வரித் தலைப்பு, அதன் கீழே இரண்டு வரி உரை, அவ்வளவுதான். தலைப்பு பெரும்பாலும் பக்கத்தின் நிரலில், திரையில் காட்டப்படாத ஹெட் என்ற மேற்பகுதியில் உள்ள டைட்டில் குறியிலிருந்து வருகிறது. கீழே வரும் உரை பக்கத்தின் உள்ளடக்கத்திலிருந்தோ, அதே ஹெட் பகுதியில் நாம் எழுதிவைக்கும் மெட்டா விவரிப்பிலிருந்தோ எடுக்கப்படுகிறது. பக்கத்தைத் திறந்து படிக்கும்போது இவ்விரண்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. டைட்டில் உலாவியின் தாவலில் தெரியும் என்றாலும், இருபது தாவல்கள் நெருக்கியடித்து நிற்கும்போது அதை எவரும் படிப்பதில்லை. அதனால்தான் பக்கத்தினுள் ஓர் எழுத்துப்பிழையைக்கூடப் பொறுக்காத நான், வெளியே தொங்கும் பெயர்ப்பலகையைப் பல ஆண்டுகள் பாராமலே விட்டிருந்தேன்.

கணக்கெடுப்பு

திருத்தத் தொடங்கும் முன் இருப்பதைப் பட்டியலிட வேண்டும் என்று தோன்றியது. தளவரைபடக் கோப்பிலிருந்து முகவரிகளை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் தரவிறக்கி, டைட்டில், விவரிப்பு, பக்கத்தின் முதன்மைத் தலைப்பான எச்1 ஆகிய மூன்றையும் விரிதாளில் வரிசையாக எழுதும் சிறிய நிரல் ஒன்றை எழுதினேன். முதல் ஓட்டத்திலேயே 37 பக்கங்களில் இரண்டு டைட்டில்கள் இருப்பதாக அது சொன்னது. ஒரு பக்கத்துக்கு ஒரு டைட்டில்தான் இருக்க வேண்டும் என்பதால் கலங்கிப்போய் அந்தப் பக்கங்களின் மூல நிரலைத் திறந்து பார்த்தேன். பிழை பக்கங்களில் இல்லை, என் நிரலில்தான் இருந்தது. எஸ்விஜி வடிவத்தில் வரைந்த படக்குறிகளுக்குள்ளும் டைட்டில் என்ற பெயரில் ஒரு குறி உண்டு. அது அந்தப் படத்தின் பெயரை, பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் திரைபடிப்பானுக்குச் சொல்வதற்கானது, பக்கத்தின் தலைப்பு அன்று. ஹெட் பகுதிக்குள் இருப்பதை மட்டும் எண்ணும்படி நிரலை மாற்றியதும் 37 பூச்சியம் ஆனது.

விரிதாளில் மிஞ்சியவை உண்மையான பழுதுகள். முகப்பைத் தவிர எல்லாப் பக்கங்களின் டைட்டிலும் தளத்தின் பெயரோடு தொடங்கியது. 58 பக்கங்களில் முகப்புப் பக்கத்தின் விவரிப்பே நகலாக இருந்தது. 22 பக்கங்களில் விவரிப்பே இல்லை. ஆறு ஜோடிப் பக்கங்களுக்கு ஒரே தலைப்பு. முகப்புப் பக்கத்தின் தலைப்பு “முகப்பு” என்ற ஒற்றைச் சொல். விவரிப்பு தனியாக எழுதப்பட்டிருந்த பக்கங்களிலும் பாதிக்கு மேல் “வணக்கம் நண்பர்களே! இந்தப் பக்கத்தில் நாம் விரிவாகப் பார்க்கவிருப்பது” என்று தொடங்கின. இரண்டு வரிகளே கிடைக்கும் இடத்தில் ஒரு வரியை வணக்கத்துக்குச் செலவிட்டிருக்கிறேன்.

143 பக்கங்களிலும் மெட்டா கீவேர்ட்ஸ் குறியும் இருந்தது. ஒவ்வொன்றிலும் இருபது முப்பது சொற்களைக் காற்புள்ளியிட்டு அடுக்கியிருந்தேன். அந்தக் குறியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. அதே அறிவிப்பில் மெட்டா விவரிப்பும் தரவரிசையில் சேராது என்று சொல்லியிருந்தது. முதலாவதை ஒரே கட்டளையில் எல்லாப் பக்கங்களிலிருந்தும் நீக்கினேன். இரண்டாவது செய்தி வேறொரு வகையில் உதவியது: விவரிப்பு என்பது இயந்திரத்துக்காக எழுதுவது அன்று, திறப்பதா கடந்து போவதா என்று முடிவு செய்யும் மனிதருக்காக எழுதுவது என்பது தெளிவானதால், சொற்களைத் திணிக்கும் ஆசை முளைவிடும் முன்பே போய்விட்டது.

எழுதியிருந்தும் இல்லாதவை

பட்டியலின்படி 11 பக்கங்களில் விவரிப்பு ஒழுங்காகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்த விவரிப்பை அப்படியே தேடினாலும் முடிவில் ஒருபோதும் அது தெரியவில்லை. பக்கத்தின் மூலத்தைப் பார்த்தால் டைட்டிலுக்குச் சற்றுக் கீழே விவரிப்பு ஒழுங்காக நின்றது. இரண்டு மாலைகள் இதிலேயே கழிந்தன. மூன்றாம் நாள் மூலத்தை விட்டுவிட்டு, உலாவியின் டெவலப்பர் கருவியில், மூலத்தைப் படித்து உலாவி கட்டியெழுப்பிய குறிகளின் மரவடிவ அமைப்பைத் திறந்து பார்த்தேன். விவரிப்புக் குறி ஹெட் பகுதியில் இல்லை. திரையில் தெரியும் உள்ளடக்கத்துக்கான பாடி பகுதிக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

காரணம் இதுதான். வருகையாளர்களை எண்ணுவதற்காக முன்பொரு காலத்தில் ஒட்டிய நிரல்துண்டில், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படம் இருந்தது. அந்தத் துண்டை டைட்டிலுக்கும் விவரிப்புக்கும் நடுவே ஒட்டியிருந்தேன். ஹெட் பகுதிக்குள் படம் இருக்க, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் விதிகளில் இடமில்லை. அங்கே ஒரு படக்குறியைக் கண்டவுடன் உலாவி “ஹெட் முடிந்தது, பாடி தொடங்கிவிட்டது” என்று முடிவு செய்துகொள்கிறது. அதற்குப் பின்னால் வரும் குறிகள் எல்லாம், நாம் எங்கே எழுதியிருந்தாலும், பாடிக்குள் விழுகின்றன. கூகுளும் பொருந்தாத குறியைக் கண்ட இடத்தில் ஹெட் முடிந்ததாகக் கொண்டு, அதற்கு மேல் ஹெட் குறிகளைப் படிப்பதை நிறுத்திவிடுகிறது. மூலத்தைக் காட்டும் பக்கம் நாம் எழுதியதை எழுதியபடியே காட்டுவதால் அதில் இந்தக் கோளாறு தெரிய வழியே இல்லை. நிரல்துண்டை வெட்டிப் பாடியின் இறுதியில் ஒட்டியதும் 11 பக்கங்களும் ஒரே நொடியில் சரியாயின. இந்த வேலை முழுவதிலும் மிகக் குறைவான விசைகளைத் தட்டி மிக அதிகம் பெற்ற இடம் இதுதான்.

அடுத்தது மேற்கோள்குறி. பெடலில் ஒலி எழுவதைப் பற்றிய பக்கத்துக்கு “மிதிக்கும்போது "டக் டக்" என்ற ஒலி எழுந்தால் முதலில் பெடலின் மரையைச் சோதியுங்கள்” என்று விவரிப்பு எழுதியிருந்தேன். விவரிப்பின் உரை குறிக்குள் இரட்டை மேற்கோளுக்கு நடுவேதான் வைக்கப்படுகிறது. நான் தட்டியது நேரான இரட்டை மேற்கோள் என்பதால், “டக்” என்ற சொல்லுக்கு முன்னால் வந்த குறியிலேயே விவரிப்பு முடிந்துவிட்டது. தேடுபொறிக்குப் போய்ச் சேர்ந்தது “மிதிக்கும்போது” என்ற ஒரே சொல். எல்லாப் பக்கங்களையும் வார்க்கும் பொது அச்சான என் டெம்ப்ளேட் இத்தகைய குறிகளைப் பாதுகாப்பான வடிவுக்கு மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த ஒரு வரியை அதில் சேர்த்தேன். சேர்த்த பிறகும், எச்சரிக்கையாக, விவரிப்புகளில் வளைந்த மேற்கோளையே பயன்படுத்துகிறேன்.

எழுத்தை எண்ணுவதில் வந்த சிக்கல்

தலைப்பு 60 எழுத்துக்குள், விவரிப்பு 155 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அதை நம்பி, முன்பொரு முறை, விவரிப்பு 155-ஐத் தாண்டினால் வெட்டிவிடும் ஏற்பாட்டை டெம்ப்ளேட்டில் வைத்திருந்தேன். அந்த வெட்டு விழுந்த பக்கங்களில் ஒன்றில் “அழுத்தி இழுக்க வேண்டாம” என்று முடிந்திருந்தது. மகரத்தின் தலையிலிருந்த புள்ளி போய்விட்டிருக்கிறது. இன்னொன்றில் “செயினைக” என்று நின்றது. கணினிக்கு “ம்” என்பது ஓர் எழுத்து அன்று. மகரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு குறியீடுகள். நம் கண்ணுக்கு “பற்சக்கரம்” என்பது ஏழு எழுத்துச் சொல். யூனிக்கோடு கணக்கில் அது பத்துக் குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 30 பைட்டுகள். ஆகவே 155 என்று சொன்னவர் எதை எண்ணினார் என்பதைக் கேட்காமல் அந்த எண்ணைத் தமிழுக்குக் கொண்டுவந்தது என் தவறு. வெட்டும் ஏற்பாட்டை அடியோடு நீக்கினேன். எண்ணித்தான் ஆக வேண்டும் என்ற இடங்களில், இன்ட்ல் செக்மென்ட்டர் (Intl.Segmenter) என்ற, உலாவிகளில் இன்று உள்ளமைந்தே வரும் வசதியைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணச் செய்தேன்.

உண்மையில் எழுத்தை எண்ணுவதே இங்கே பொருத்தமற்ற வேலை. தலைப்புக்கோ விவரிப்புக்கோ இத்தனை எழுத்து என்ற வரம்பை கூகுள் வைக்கவில்லை. காட்டும் கருவியின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது. கணினித் திரையில் தலைப்புக்குச் சுமார் 600 பிக்சல் அகலம் கிடைக்கிறது. தமிழில் “ர்” ஒல்லியான எழுத்து; “ணை” அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் அடைக்கும். எனவே ஒரே எண்ணிக்கையுள்ள இரண்டு தலைப்புகளில் ஒன்று முழுதாகத் தெரியும், மற்றொன்று வெட்டுப்படும். உலாவியின் கேன்வாஸ் வசதி உரையின் அகலத்தை அளந்து சொல்லும் என்பதால், தலைப்பை ஒட்டினால் 20 பிக்சல் உயரத்தில் அது எவ்வளவு நீளும் என்று காட்டும் ஒரு பக்கத்தைச் செய்துகொண்டேன். என் கணினியில் 30 முதல் 35 தமிழ் எழுத்துகளுக்குள் 600 நிரம்பிவிடுகிறது. ஏரியல் எழுத்துருவில் தமிழ் இல்லாததால், விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று அந்தந்தக் கருவி தன்னிடம் உள்ளதை எடுத்துக்கொள்ளும். ஆகையால் என் அளவு பிறர் திரைக்கு அப்படியே பொருந்தாது. அதைத் தோராயமாக மட்டுமே வைத்துக்கொண்டேன்.

இந்த அளவுகளை வேதமாகக் கொள்ளாமல் இருப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2017 டிசம்பரில் கூகுள் முடிவுகளில் விவரிப்பின் நீளத்தை ஏறக்குறைய 300 எழுத்துகள் வரை கூட்டியது. அப்போது பலர் தங்கள் விவரிப்புகளை எல்லாம் நீட்டி எழுதினர். 2018 மே மாதத்தில் அது பழைய நீளத்துக்கே சுருங்கிவிட்டது. நீட்டியவர்கள் மீண்டும் குறைத்தார்கள். நான் சோம்பலினால் அப்போது எதையும் தொடவில்லை என்பதை இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

வினைச்சொல் கடைசியில் வரும் மொழியில்

டெம்ப்ளேட்டில் தளத்தின் பெயரை முன்னாலிருந்து எடுத்தவுடன் எல்லாத் தலைப்புகளுக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. முன்பு பெயரைப் பின்னாலாவது வைக்க வேண்டியிருந்தது. இப்போது கூகுள் தளத்தின் பெயரைத் தலைப்புக்கு மேலே தனி வரியில் காட்டுகிறது. 2022 அக்டோபரில் கைபேசியிலும், அடுத்த ஆண்டு கணினியிலும் இது வந்தது. ஆகவே முகப்பைத் தவிர மற்றப் பக்கங்களிலிருந்து பெயரை முழுவதுமாக நீக்கினேன். முகப்பின் தலைப்பில் தளத்தின் பெயரையும், அது எதைப் பற்றியது என்பதையும் வைத்தேன்.

பெயர் போன பிறகும் தலைப்புகள் நீளமாகவே இருந்தன. செயின் பக்கத்தின் பழைய தலைப்பு: “உங்கள் சைக்கிளின் சங்கிலி தேய்ந்துவிட்டதா என்பதை வீட்டிலேயே மிக எளிய முறையில் கண்டறிவது எப்படி?” இது வாக்கியமாகப் பிழையற்றது. ஆனால் தமிழில் வினை கடைசியில் வருவதால், வெட்டு விழும்போது முதலில் உயிர் போவது வினைக்குத்தான். “எப்படி” என்ற சொல்லில்தான் அந்தப் பக்கத்தின் பயன் முழுவதும் இருக்கிறது. அது வரிக்கு வெளியே கிடந்தது. முன்னால் நின்றது “உங்கள்” என்ற சொல். அந்தச் சொல்லை எந்தத் தலைப்பிலும் எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். ஓரிடத்திலும் பொருள் குறையவில்லை. “மிக எளிய முறையில்”, “முழுமையான”, “அனைத்துத் தகவல்களும்” ஆகியவையும் அதே கதிதான்.

முதல் திருத்தம் “சங்கிலித் தேய்மானம்: அளவுகோலால் அறியும் முறை” என்று வந்தது. இடைவெளியும் குறியும் சேர்த்து 27. பொருள் முன்னால் நிற்கிறது, வெட்டுப்பட்டாலும் பின்பாதிதான் போகும். எனக்கு மனநிறைவாக இருந்தது. பிறகு, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் அந்தப் பக்கம் எந்தெந்தத் தேடல்களுக்குக் காட்டப்பட்டது என்று பார்த்தேன். “சங்கிலி” என்று தேடியவர் அருகியே காணப்பட்டார். மக்கள் தட்டியது “சைக்கிள் செயின்”. பல ஆண்டுகளாகச் “சங்கிலி” என்றே எழுதிப் பழகிய எனக்கு அதை மாற்ற மனம் வரவில்லை. ஒரு நாள் முழுவதும் தயங்கிய பிறகு, தலைப்பு என்பது நான் பேச விரும்பும் சொல்லுக்கான இடம் அன்று, தேடி வருபவர் தன் சொல்லை அடையாளம் கண்டுகொள்ளும் இடம் என்று தேறி, “சைக்கிள் செயின் தேய்மானம்: அளவுகோலால் அறியும் முறை” என்று வைத்தேன். இது 30. பக்கத்தின் முதல் பத்தியில் “செயின் எனப்படும் சங்கிலி” என்று இரண்டையும் இணைத்துவிட்டு, அதன் பின் என் விருப்பம்போல் எழுதியிருக்கிறேன். “மிதிவண்டி”க்கும் “சைக்கிளு”க்கும் அதே ஏற்பாடுதான். தமிழை ரோமன் எழுத்தில் தட்டித் தேடுபவர்களும் பட்டியலில் நிறையவே இருந்தார்கள். அவர்களுக்காகத் தலைப்பில் ரோமன் எழுத்தைக் கலக்க மட்டும் நான் உடன்படவில்லை.

அதே பக்கத்தின் விவரிப்பு இப்போது இவ்வாறு இருக்கிறது: “செயினின் 12 முழுக் கண்ணிகள் 12 அங்குலம் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றலாம். 1/8 கூடியிருந்தால் பற்சக்கரமும் தேய்ந்திருக்கும். அளக்கும் முறை படங்களுடன்.” வணக்கம் போய் அளவுகள் வந்தன. விவரிப்பு எழுதும்போது நான் கண்டது என்னவென்றால், பக்கத்தில் உள்ள எண், கருவியின் பெயர், அறிகுறி ஆகியவற்றில் ஒன்றாவது அதில் இடம்பெற்றால், திறப்பதற்கு முன்பே தனக்கு வேண்டியது இதுதானா என்று படிப்பவர் தீர்மானித்துவிடுகிறார். “விரிவாகக் காண்போம்” என்ற வாக்கு அதற்கு உதவுவதில்லை.

தலைப்பு வைக்க முடியாத பக்கங்கள்

ஒவ்வொரு தலைப்பையும் எழுதும் முன், விரிதாளில் ஒரு கூடுதல் கட்டத்தைத் திறந்து, இந்தப் பக்கத்துக்கு வருபவர் என்ன கேட்டு வருகிறார் என்பதை ஒரு வாக்கியமாக எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். பெரும்பாலான பக்கங்களுக்கு அரை நிமிடம் போதும். 17 பக்கங்களுக்கு அந்தக் கட்டம் நாள்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. “டயர் பற்றிய மேலும் சில தகவல்கள்”, “பொதுவான பிரேக் குறிப்புகள்”, “மழைக்காலமும் பிறவும்” என்பவை அந்தப் பக்கங்களின் பழைய தலைப்புகள். சொற்களை முன்பின்னாக மாற்றிப் பார்த்தேன், சுருக்கினேன், நீட்டினேன், எதுவும் சரிவரவில்லை. பிறகுதான் புரிந்தது, அந்தப் பக்கங்களே எந்தக் கேள்விக்கும் விடையாக எழுதப்படவில்லை என்று. எங்கும் சேராத பத்திகளைக் கொட்டிவைத்த பரண்கள் அவை. அங்கே பழுது தலைப்பில் இல்லாதபோது தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“டயர் பற்றிய மேலும் சில தகவல்கள்” பக்கத்தில் ஷ்ரேடர் வால்வுக்கும் பிரெஸ்டா வால்வுக்கும் உள்ள வேறுபாடு, ஓட்டையை ஒட்டும் முறை, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்களின் பொருள் ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஓட்டையை ஒட்ட வந்தவர் வால்வுப் பாடத்தைக் கடந்துதான் போக வேண்டும். மூன்றாகப் பிரித்தேன். பிரித்த மறுகணமே மூன்று தலைப்புகளும் தாமாக வந்து உட்கார்ந்தன; அதில் ஒன்று “ஷ்ரேடர், பிரெஸ்டா வால்வுகள்: பார்த்தவுடன் வேறுபாடு காண”. ஒரே தலைப்புள்ள ஆறு ஜோடிகளில் நான்கு, ஒரே கேள்விக்கு இரண்டு வெவ்வேறு காலங்களில் நான் எழுதிய விடைகளாக இருந்தன. வெவ்வேறு தலைப்புகளைக் கொடுத்து அவற்றை வேறுபட்டவைபோல் காட்டுவது பொய்யாகும் என்பதால், நல்லதை வைத்துக்கொண்டு, மற்றதில் இருந்த பயனுள்ள பத்திகளை அதில் சேர்த்து, பழைய முகவரியை 301 வழிமாற்றால் புதியதற்குத் திருப்பினேன். தலைப்புகளைத் திருத்த ஒதுக்கியிருந்த காலத்தில் பாதிக்கு மேல் இந்த 17 பக்கங்களிலும் நான்கு ஜோடிகளிலும்தான் போயிற்று.

கூகுள் தன் விருப்பப்படி மாற்றியவை

நாம் எழுதிய டைட்டிலையே கூகுள் எப்போதும் காட்டுவதில்லை. 2021 ஆகஸ்டில் தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை அது மாற்றியது. எச்1, பக்கத்தில் பெரிதாகத் தெரியும் மற்ற உரைகள், பிற பக்கங்கள் இணைப்புக் கொடுக்கும்போது பயன்படுத்தும் சொற்கள், சமூக வலைத்தளங்களில் பகிர்வதற்கான ஓஜி டைட்டில் ஆகியவற்றையும் அது பார்க்கிறது. அடுத்த மாதம் வெளியிட்ட விளக்கத்தில், ஏறக்குறைய 87 சதவீத நேரங்களில் டைட்டில் குறியையே பயன்படுத்துவதாகச் சொன்னது. மீதியில் எத்தனை என்னுடையவை என்று பார்க்க ஒவ்வொரு பக்கத்தையும் தேடிப் பார்த்தேன். தலைப்பில் 2019 என்று எழுதி, பக்கத்தைப் பின்னர் புதுப்பித்து, எச்1-இல் மட்டும் ஆண்டை மாற்றிய நான்கு பக்கங்களில் அது எச்1-ஐ எடுத்துக்கொண்டிருந்தது. அது செய்தது சரி. ஆண்டையே தலைப்பிலிருந்து நீக்கிவிட்டேன். செயினை அளக்கும் முறை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை.

வேறு சில பக்கங்களில் நான் தலைப்பை மாற்றி, கூகுள் மீண்டும் படித்துச் சென்ற பிறகும், பழைய தலைப்பே தெரிந்தது. சேமித்துவைத்த பழைய நகலான கேஷில்தான் சிக்கல் என்று நினைத்து அதைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். தளத்தில் நிறுவியிருந்த ஒரு செருகுநிரல், ஓஜி டைட்டிலைத் தன் தனிப் பெட்டியில் சேமித்துவைத்திருந்தது. நான் டைட்டிலை மாற்றும்போது அது மாறவில்லை. பழைய நீண்ட தலைப்பு அங்கே உயிரோடிருந்தது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து உரையை எடுக்கும்படி டெம்ப்ளேட்டை மாற்றிய பின் அந்தத் தொல்லை நின்றது.

விவரிப்பில் இந்த முரண் இன்னும் அதிகம். கூகுள் முதன்மையாகப் பக்கத்தின் உள்ளடக்கத்திலிருந்தே அந்த இரண்டு வரிகளை எடுக்கிறது. மெட்டா விவரிப்பு பக்கத்தைச் சிறப்பாகச் சொல்கிறது என்று தோன்றும்போது மட்டும் அதைக் காட்டுகிறது. செயின் பக்கத்தையே வெவ்வேறு சொற்களால் தேடினால் ஒரு முறை என் விவரிப்பும், இன்னொரு முறை ஐந்தாம் பத்தியின் நடு வாக்கியமும் வருகின்றன. இதை எதிர்த்துப் போராடுவதில் பொருளில்லை. எந்தப் பத்தியின் முதல் வாக்கியம் வெளியே எடுக்கப்பட்டாலும் தனித்து நின்று பொருள் தர வேண்டும் என்பதைக் கவனித்து, “இதை அப்படிச் செய்தபின்” என்று தொடங்கிய பல பத்திகளைத் திருத்தினேன். மூன்று பக்கங்களில் குக்கீ அறிவிப்பின் வாசகம் முடிவில் வந்துகொண்டிருந்தது. அந்த அறிவிப்பைச் சூழ்ந்த பெட்டிக்கு டேட்டா-நோஸ்னிப்பெட் என்ற பண்பைக் கொடுத்ததும் அது மறைந்தது.

அளந்து பார்த்தது

ஒப்பிடுவதற்காக 20 பக்கங்களை, எல்லாவற்றுக்கும் பொதுவாகச் செய்த மாற்றங்களைத் தவிர, வேண்டுமென்றே தொடாமல் விட்டிருந்தேன். மாற்றிய பக்கங்களில் முதன்மையான சிலவற்றுக்கு மட்டும் சர்ச் கன்சோலில் மீண்டும் படிக்கும்படி கோரிக்கை வைத்தேன். மற்றவற்றை அதன் போக்கில் விட்டேன். எல்லாம் புதுத் தலைப்புடன் தெரிய ஏறக்குறைய ஐந்து வாரங்கள் ஆயின. அதன்பின் 28 நாள்கள் காத்திருந்து, மாற்றுவதற்கு முந்தைய 28 நாள்களோடு வைத்துப் பார்த்தேன். முடிவில் காட்டப்பட்டதில் எத்தனை முறை திறக்கப்பட்டது என்ற கிளிக் விகிதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்: மூன்றாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறிய பக்கத்துக்குத் தலைப்பு எவ்வளவு மோசமாக இருந்தாலும் கிளிக் கூடும். ஆகவே சராசரி இடம் ஏறக்குறைய மாறாத பக்கங்களையும், அவற்றிலும் ஒரே தேடல் சொற்களையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். அப்படி வடிகட்டியபின் மிஞ்சியவை மிகச் சில; எண்களைப் போட்டு முழங்கும் அளவுக்கு அவை போதா. செயின் பக்கமும் வால்வுப் பக்கமும் அதே இடத்தில் நின்றபடியே தெளிவாகக் கூடுதல் கிளிக்குகளைப் பெற்றன. தொடாமல் விட்ட 20-இல் அப்படி எதுவும் நடக்கவில்லை.

டயர் அழுத்தப் பக்கம் மட்டும் கீழே இறங்கியது. அதன் புதிய விவரிப்பில், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தை மீறக் கூடாது என்றும், அந்த எண்ணை எங்கே தேட வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். வந்தவர்களில் பலருக்கு அதுவே விடை; முடிவுப் பக்கத்திலேயே படித்துவிட்டு டயரைப் பார்க்கப் போய்விட்டார்கள் என்று கருதுகிறேன். விடையை மறைத்து ஆவலைத் தூண்டும்படி அதை மாற்றி எழுதலாமா என்று ஒரு முறை முயன்று, எழுதியதைப் படித்துப் பார்த்து, அழித்துவிட்டுப் பழையபடியே விட்டேன்.

தலைப்பு வைக்க முடியாமல் கிடந்த 17 பக்கங்களில் 16 முடிந்துவிட்டன. “மழைக்காலமும் பிறவும்” பக்கத்தின் கேள்விக் கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அதில் துருவைப் பற்றிய இரண்டு பத்திகளைச் செயின் பக்கத்துக்கும், ஈரத்தில் பிரேக் பிடிக்கும் தூரத்தைப் பற்றிய பத்தியைப் பிரேக் பக்கத்துக்கும் இந்த வாரம் நகர்த்தினேன். மிஞ்சியிருப்பது மட்கார்டைப் பற்றிய ஐந்து வரிகள். அவற்றை விரித்து எழுத என்னிடம் சரக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த முகவரியை வைத்துக்கொள்வதா, வழிமாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.